ஹார்லத்தில் பிறந்த ஜோடி நடனம்

நடனம் என்றவுடன் ஒரு மேடையும், அதன்மீது பயின்று தேர்ந்த ஒருவரும், எதிரே அமர்ந்து காணும் பலரும் நம் மனக்கண் முன் தோன்றுவது இயல்பு. காண்போரும் ஆடுவோரும் வேறுவேறல்லாத ஆட்டங்களும் உலகில் உண்டு. நம் கும்மியும் கோலாட்டமும் அவ்வகையின. இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் லிண்டி ஹாப் என்னும் அமெரிக்க நடனமும் அத்தகையதே. ஆனால் கும்மியில் அனைவரும் ஒன்றையே செய்வர். இதிலோ இருவர் கூடி ஆடுவர். அவ்விருவரும் ஒன்றையே செய்ய வேண்டும் என்ற நியதியும் இல்லை.

நியூயார்க் நகரில் கறுப்பின மக்கள் பெருந்தொகையினராய் வாழ்ந்த பகுதி ஹார்லம். அங்கே லெனாக்ஸ் அவென்யூவில், 140-ஆம் தெருவுக்கும் 141-ஆம் தெருவுக்கும் இடையே, 1926-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சவாய் என்னும் நடன மண்டபம் திறக்கப்பெற்றது. அதில் இசைக் குழுக்களுக்கு இரண்டு மேடைகள் இருந்தன. ஒரு குழு ஓயும்போது மற்றொன்று தொடங்கிவிடும். எனினும் சவாயின் சிறப்பு அதன் மேடைகளில் இல்லை, வாயிலில் இருந்தது. அதே சாலையில், சற்றுத் தொலைவில், காட்டன் கிளப் என்றொரு கேளிக்கை விடுதி நடைபெற்றது. அங்கே கறுப்பினக் கலைஞர் மேடையில் ஆடலாம், பாடலாம். விருந்தினராக நுழைவது அரிது. சவாயிலோ கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினர். நிறத்தின் பெயரால் மனிதரைப் பிரித்துவைத்த நாட்டில், ஆடத் தெரியுமா என்பதொன்றே அங்கு கேள்வியாக இருந்தது.

நடனத்தின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். இருவர் நெருங்கி, ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு ஆடும் முறை ஐரோப்பிய மண்டப நடனங்களிலிருந்து வந்தது. கால்களை வீசி விரைந்து ஆடும் சார்ல்ஸ்டனும், தெருக்களிலும் வீட்டு விருந்துகளிலும் தம்போக்கில் ஆடிய இளைஞரின் கற்பனையும் அதனோடு கலந்தன. எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றில் இருவரும் அருகில் வந்து ஒன்றாய்ச் சுழல்வர். பிறகு பிடி தளர்ந்து, ஒரு கை மட்டும் இணைந்திருக்க, விலகி நிற்பர். அந்த விலகலில்தான் இருக்கிறது இந்நடனத்தின் உயிர். அப்போது அவரவர் கால்கள் அவரவர்க்குச் சொந்தம்.

ஜோடியில் ஒருவருக்கு ‘நடத்துபவர்’ என்றும் மற்றவருக்குப் ‘பின்பற்றுபவர்’ என்றும் ஆங்கிலத்தில் பெயர். இவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் பொருள் திரிந்துவிடும். பின்பற்றுதல் என்பது இங்கே கீழ்ப்படிதல் அன்று. ஒருவர் வினாவை எழுப்புகிறார். மற்றவர் தம் மனம்போல் விடை தருகிறார். இப்படி ஆடுவது கட்டற்ற கூத்து என்று முகம் சுளிப்பவர்கள் அன்றும் இருந்தனர். ஆனால் தாளம் ஒரு கணமும் கைவிடப்படுவதில்லை. கற்பனை ஸ்வரம் பாடும் வித்துவான் எங்கெங்கோ சென்றாலும் எடுப்புக்குத் தவறாமல் வந்து சேர்வதை அறிந்த நமக்கு இது விளங்காததன்று.

பெயர் வந்த கதை சுவையானது. 1927-இல் சார்ல்ஸ் லிண்ட்பர்க் அட்லாண்டிக் மாகடலைத் தனியே விமானத்தில் தாண்டினார். மறு ஆண்டு நடந்த நெடுநேர நடனப் போட்டியொன்றில், “இது என்ன ஆட்டம்?” என்று கேட்டபோது, ஷார்ட்டி ஜார்ஜ் ஸ்னோடன் என்னும் ஆட்டக்காரர் ‘லிண்டியின் தாவல்’ என்ற பொருளில் விடையளித்தாராம். இக்கதையை ஆராய்ச்சியாளர் அனைவரும் ஒப்புக்கொள்வதில்லை.

ஸ்னோடனுக்கு அடுத்த தலைமுறையில் தோன்றியவர் பிராங்கி மேனிங். 1914-இல் பிறந்த அவர், 1935-இல் ஒரு போட்டியில் தம் ஜோடியான பிரீடா வாஷிங்டனைத் தம் முதுகின் மேலாகப் புரட்டி, மறுபுறம் தாளம் தவறாமல் தரையில் நிற்கச் செய்தார். ஆட்டம் தரையை விட்டு எழுந்தது அன்றுதான் என்பர். 1941-இல் வெளிவந்த ‘ஹெல்சாபாப்பின்’ திரைப்படத்தில் அவர் அமைத்த ஆட்டத்தை இன்றும் காணலாம். அந்த வேகத்தை மனித உடல் தாங்குமா என்ற ஐயம் எனக்கு ஒவ்வொரு முறையும் எழுகிறது.

பின்பு காலம் மாறிற்று. இளைஞர்கள் போருக்குச் சென்றனர். 1944-இல் நடனம் நிகழும் விடுதிகள்மீது கூட்டரசு கடுமையான வரி விதித்தது. இசையும் கேட்பதற்குரியதாக மாறி, ஆடுவதற்குரிய தன்மையை இழந்துவந்தது. 1958-இல் சவாய் மூடப்பட்டது; அவ்விடத்தில் குடியிருப்புகள் எழுந்தன. மேனிங் தபால் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தார். தபால் வேலை இழிவென்று நான் கூற வரவில்லை. ஒரு கலையை வளர்த்தவர் தம் ஊரிலேயே இருந்தும், நெடுங்காலம் அவரிடம் அதைக் கேட்டறிய எவரும் வரவில்லை என்பதே வருந்தத்தக்கது.

1980-களில் சுவீடன், இங்கிலாந்து, கலிபோர்னியா முதலிய இடங்களின் இளைஞர்கள் பழைய திரைப்படங்களில் இந்நடனத்தைக் கண்டு, அதை அறிந்தோரைத் தேடிக்கொண்டு நியூயார்க் வந்தனர். 1986-இல் சிலர் மேனிங்கைக் கண்டுபிடித்தனர். முதலில் தயங்கிய அவர், பிறகு பல நாடுகளுக்கும் சென்று கற்பித்தார். 1989-இல் பிராட்வேயில் அரங்கேறிய ‘பிளாக் அண்ட் புளூ’வுக்கு நடனம் அமைத்ததற்காக, மற்ற மூவருடன் டோனி விருதைப் பகிர்ந்துகொண்டார். 2009-இல், தொண்ணூற்றைந்து வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில் மறைந்தார்.

சவாய் இருந்த இடத்தில் 2002-இல் ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. அதைத் திறந்துவைக்க மேனிங்கும், இளம்பெண்ணாக அம்மண்டபத்தில் ஆடிய நார்மா மில்லரும் வந்திருந்தனர்.