வீட்டிலேயே ஒலிப்பதிவு: கம்ப்யூட்டர் வாங்கும் முன்

(கிளை அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"ஆத்திலேயே ரிக்கார்டிங் பண்ண என்ன கம்ப்யூட்டர் வாங்கணும் மாமா?" என்று நம் அங்கத்தினர்கள் பலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் இரண்டு வகை. முதல் வகையில் குழந்தை பாட்டு கற்றுக்கொள்கிறது. குரு சென்னையில், குழந்தை புணேயிலோ குருகிராமத்திலோ. வாராவாரம் பாடிப் பதிவு செய்து அனுப்பவேண்டும். இரண்டாம் வகையில், வீட்டில் எண்பதைத் தாண்டிய பாட்டி இருக்கிறார். நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்த பழைய பாடாந்தரத்தில் நாலைந்து கீர்த்தனங்கள் என்று எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. எல்லாம் அவர் நினைவில்தான்.

இரண்டாம் வகையினரை மனதில் வைத்தே இன்று பேசுகிறேன். குழந்தை நாளைக்கும் பாடும். பாட்டிக்கோ காலையில் காபி குடித்தபின் முக்கால் மணி நேரம் குரல் நன்றாக இருக்கும். அந்த முக்கால் மணியில் நாம் ஒயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டு, "இரு பாட்டி, இன்னொரு தரம் பாடு" என்று சொல்லிக்கொண்டிருந்தால், மறுநாள் "எனக்கு இந்த ரிக்கார்டிங்கே வேண்டாம்டா" என்று எழுந்து போய்விடுவார். ஆகவே எந்தச் சாதனத்தை வாங்குவது என்பதோடு, பாட்டி உட்காரும் முன்பே கோளாறுகளைத் தீர்ப்பது எப்படி என்பதையும் தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

முதலில் கம்ப்யூட்டர். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற தரத்தில் ஒரு மைக் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்.பி. இடம் எடுக்கும். இரண்டு மைக் என்றால் ஒரு ஜி.பி.யை ஒட்டி வரும். ஒரு வினாடிக்கு எழுதவேண்டியது அரை எம்.பி.கூட இல்லை. பத்து வருஷத்துப் பழைய லாப்டாப்புக்கும் இது பெரிய பாரமில்லை. சினிமா இசை போல நூறு டிராக்குகளும், கம்ப்யூட்டருக்குள்ளேயே வயலின் கோஷ்டியும் வைத்து வேலை செய்பவர்களுக்குத்தான் பெரிய ப்ராசஸர் வேண்டும். ஒரு குரல், ஒரு தம்பூரா, ஒரு மிருதங்கம் பதிய 8 ஜி.பி. ரேமும் ஒரு எஸ்.எஸ்.டி. டிஸ்க்கும் தாராளம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். வேகத்தைவிட முக்கியமாக, அதன் "கிர்" சத்தம் போகும்.

சத்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. லாப்டாப் வாங்கும்போது எல்லோரும் ப்ராசஸர் பெயரைக் கேட்கிறார்கள். மின்விசிறி எவ்வளவு இரைகிறது என்று யாரும் கேட்பதில்லை. விளையாட்டுப் பிரியர்களுக்கான கேமிங் லாப்டாப் ஒலிப்பதிவுக்கு உதவாததற்கு அந்த இரைச்சலே காரணம். ஆப்பிள் 2020 கடைசியில் கொண்டுவந்த எம்1 மாக்புக் ஏரில் விசிறியே கிடையாது. பழையதாகக் கிடைத்தாலும் நம் வேலைக்கு உகந்தது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டதால், அந்த மாதிரி பழைய லாப்டாப் பரணில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு ஒலிப்பதிவுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அப்டேட் என்று நிற்கவும் நிற்காது.

கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை மைக்குக்கும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டிக்கும் கொடுங்கள். லாப்டாப்பில் உள்ள மைக் துவாரம் ஹெட்செட்டுக்காக வைத்தது. அதில் ஒரு தரமான மைக்கைச் செருகினால் "உஸ்" என்ற இரைச்சல்தான் முதலில் கேட்கும். ஃபோகஸ்ரைட்டின் ஸ்கார்லெட், பெரிங்கரின் யு.எம்.சி. போன்ற வரிசைகளில் சின்னப் பெட்டிகள் எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. வாங்கும்போது மைக் செருகும் இடங்கள் இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றே போதும் என்று வாங்குபவர்கள், மிருதங்கம் வாசிக்கும் உறவுக்காரர் வந்து உட்கார்ந்ததும் தவிக்கிறார்கள். மிருதங்கத்துக்கு மட்டுமே வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று கேட்கும்.

மைக்கில் கன்டென்ஸர், டைனமிக் என்று இரண்டு ஜாதி. கன்டென்ஸர் நுட்பமானது, இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் என்ற பித்தானை அழுத்தினால்தான் உயிர் வரும். "மைக் வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் பாதி இந்தப் பித்தானோடு முடிந்துவிடும். இன்னொரு பாதி, மைக்கின் நெற்றியில் பாடுவதால் வருவது. பெரிய கன்டென்ஸர் மைக்குகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில்தான் கேட்கும். பெயர் பொறித்த பக்கம் பொதுவாக முன்பக்கம்.

ஆனால் என் அபிப்ராயம், நம்முடைய டைல்ஸ் போட்ட, ஜன்னல் நிறைந்த ஃபிளாட்டுகளுக்கு டைனமிக் மைக்கே உத்தமம். கன்டென்ஸர் பாட்டியின் குரலோடு மூன்றாம் மாடிக் குக்கர் விசிலையும் நேர்த்தியாகப் பதிவு செய்யும். 1966 முதல் உலகமெல்லாம் மேடைகளில் இருக்கும் ஷுர் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டாக வைத்தால், அறையின் எதிரொலி அடங்கிவிடும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதை நோக்கிப் பாட்டியை உட்காரவைத்துப் பாருங்கள். பட்டுப் புடவைகளைவிட மலிவான ஒலி உறிஞ்சி உண்டா? வீட்டில் அவை ஏற்கெனவே இருக்கின்றனவே!

இனி கோளாறுகள். மூன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவை தானே பிடிபடும்.

முதலாவது, தாமதம். ஹெட்ஃபோனில் தன் குரல் தனக்கே கொஞ்சம் பின்னால் வந்து கேட்கும், தாளம் தடுமாறும். கம்ப்யூட்டர் ஒலியைச் சொட்டுச் சொட்டாகக் கையாளாமல், ஒரு சொம்பு நிரம்பிய பிறகுதான் எடுத்து ஊற்றுகிறது. அந்தச் சொம்புக்குப் பெயர் பஃபர். 1024 சாம்பிள் கொள்ளும் சொம்பானால், 48 கிலோஹெர்ட்ஸில், அது நிரம்ப 21 மில்லிசெகண்ட் ஆகும். அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஏழு மீட்டர் போய்விடும். பக்கவாத்தியக்காரரைக் கூடத்தின் மறுகோடியில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னது போல. திரும்பி வரும் வழியில் இன்னொரு சொம்பும் உண்டு. 128-க்குக் குறைத்தால் மூன்று மில்லிசெகண்டுக்குள் அடங்கும். ஆனால் ரொம்பச் சின்னச் சொம்பானால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். "டக், டக்" என்று பதிவில் ஓட்டை விழும்.

இதற்கு விண்டோஸில் செய்யவேண்டியது, இன்டர்ஃபேஸ் செய்த கம்பெனியே தரும் ஆசியோ டிரைவரை நிறுவுவது. மாக்கில் இந்தத் தொல்லை இல்லை. கோர் ஆடியோ உள்ளேயே இருக்கிறது. அதைவிட எளிய வழி, பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் உள்ள "டைரக்ட் மானிட்டர்" பித்தான். அதை அழுத்தினால் மைக்கின் ஒலி கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் நேரே ஹெட்ஃபோனுக்கு வரும். பிறகு பஃபர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கவலையில்லை. பஃபரைப் பெரிதாக்கியும் "டக் டக்" நிற்காவிட்டால் வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துப் பாருங்கள். அவற்றின் டிரைவர்கள் அடிக்கடி குறுக்கே புகுகின்றன. லேட்டன்சிமான் என்ற மென்பொருள் எந்த டிரைவர் குற்றவாளி என்று பெயரோடு சொல்லும். இன்டர்ஃபேஸை யு.எஸ்.பி. ஹப்பில் செருகாமல் நேரே லாப்டாப்பில் செருகவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஹம் என்ற "ம்ம்ம்" ஒலி. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளும்தான் இந்த ஓசை. தாய்மார்கள் சிலர் இதை ஸ்ருதி என்றே நினைத்துவிடுவார்கள், அவ்வளவு நிதானமாக ஒலிக்கும். சோதனை மிகச் சுலபம்: லாப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கி பாட்டரியில் ஓட்டுங்கள். ஹம் நின்றால் சார்ஜர்தான் காரணம். பதிவு முடியும்வரை பாட்டரியிலேயே விட்டுவிடுங்கள். நிற்காவிட்டால், எல்லாச் சாதனங்களும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து மின்சாரம் எடுக்கின்றனவா என்று பாருங்கள். வெவ்வேறு பிளக்கில் இருந்தால் எர்த் ஒயர்கள் வழியே வளையம் உண்டாகி ஹம் வரும். எர்த் பின்னை உடைத்துவிட்டால் சரியாகும் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உயிர்ச்சேதத்தில் கொண்டுவிடும்.

"ம்ம்ம்" என்று இல்லாமல் "ஸ்ஸ்ர்ர்" என்று கரகரப்பாக வந்தால் வேறு எதிரி. நாப் திருகும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் விளக்கு டிம்மரும் மின்சாரத்தை நறுக்கி நறுக்கி அனுப்புபவை. பதிவு அறையில் ஃபேன் நின்றிருந்தாலும், அடுத்த அறையில் ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அதன் கரகரப்பு இங்கே வரும். கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் ஓடும்போதும் அப்படியே. சைன் வேவ் இன்வர்ட்டரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. செல்போனை ஏரோப்ளேன் மோடில் போடச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது கோளாறைத்தான் நம்மவர்கள் அதிகம் அறியாமல் இருக்கிறார்கள். பாட்டு நன்றாகப் பதிவாகும். தம்பூரா மட்டும் மறைந்து மறைந்து வரும். கார்வை நீண்டால் குரலே தேய்ந்து போகும். மைக்கில் குற்றமில்லை. வீடியோ சந்திப்பு மென்பொருள்களும், சில லாப்டாப்புகளின் ஆடியோ டிரைவர்களும், இடைவிடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதை ஃபேன், ஏ.சி. சத்தம் என்று எண்ணி அழித்துவிடும். தம்பூரா செய்வதும் இடைவிடாமல் ஒலிப்பதுதானே! அது கம்ப்யூட்டருக்கு இரைச்சல். ஸூமில் "ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்" என்ற அமைப்பைப் போடுங்கள். விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் "என்ஹான்ஸ்மென்ட்ஸ்" என்பதை அணைத்துவிடுங்கள். குரு "ஸ்ருதி சேரவில்லை" என்று குழந்தையைக் கோபித்துக்கொள்ளும் முன் இதைச் சரிபார்ப்பது நல்லது.

ஸ்ருதி என்றதால் ஒரு உபகதை. ஒரு கட்டையில் பாடியது, திரும்பக் கேட்கும்போது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். காலமும் கொஞ்சம் ஓடும். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48 என்று நினைத்துக் கம்ப்யூட்டர் வாசிக்கிறது என்று அர்த்தம். இன்டர்ஃபேஸ், விண்டோஸ், பதிவு மென்பொருள் மூன்றிலும் ஒரே எண்ணைப் போட்டால் தீர்ந்தது.

மென்பொருளுக்கு அதிகம் அலையவேண்டாம். ஆடாசிட்டி இலவசம், மாக்கில் கராஜ்பேண்டும் இலவசம். அளவுமானியில் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும். பாட்டி உணர்ச்சிவசப்பட்டு மேல் ஸ்தாயிக்குப் போனாலும் பிளக்காது. சிவப்பு விளக்கு எரிந்தபின் அந்தப் பிளவை எந்த மென்பொருளாலும் முழுவதும் ஒட்டமுடியாது. முதல் நாளே நீங்கள் உட்கார்ந்து, பாட்டி இடத்தில் ஐந்து நிமிடம் பாடி, ஹெட்ஃபோனில் முழுவதும் கேட்டுவிடுங்கள்.

பாட்டி வந்து உட்காரும் முன்பே பதிவைத் தொடங்கிவிடுங்கள். பாட்டுக்குப் பாட்டு நிறுத்தாதீர்கள். "இது என் அத்தை திருவையாற்றில் இருந்தபோது பாடம் பண்ணினது" என்று நடுவில் சொல்வாரே, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மணிக்கு அரை ஜி.பி. தானே ஆகிறது! அசலை வேவ் கோப்பாகவே வையுங்கள்; எம்.பி.3 உறவினர்களுக்கு அனுப்ப மட்டும். கோப்பின் பெயரில் தேதி, பாடியவர், பாட்டின் முதல் அடி மூன்றும் இருக்கட்டும். மூன்று பிரதிகள் வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடமோ பெண்ணிடமோ. பென் டிரைவை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

"இதெல்லாம் எதற்கு, செல்போன் போதாதா?" என்று முன்வரிசையில் கேட்கிறார்கள். பாட்டி இன்றைக்குப் பாடுகிறேன் என்றால் இன்றைக்குச் செல்போனிலேயே பதியுங்கள். இன்டர்ஃபேஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஐஃபோனின் வாய்ஸ் மெமோஸில் "லாஸ்லெஸ்" என்று தரத்தை மாற்றலாம். ஆண்ட்ராய்டில் வேவ் கோப்பாகப் பதியும் செயலிகள் உண்டு. போனை மேஜைமேல் படுக்கவைக்காமல், மடித்த துண்டின்மேல், முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்துங்கள்.

என்னுடைய மைக்கும் இன்டர்ஃபேஸும் அந்த மேஜையில் இருக்கின்றன. காபிக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வந்து பாடிப் பார்க்கலாம். மைக்கை ஊதியும் தட்டியும் மட்டும் பார்க்காதீர்கள்.