சிகிச்சை இலவசம், பஸ் சார்ஜ் கைக்காசு

புற்றுநோய் வந்த குடும்பத்துக்குச் செலவு இரண்டு வகை. ஒன்று மருத்துவமனை ரசீதில் ஏறுவது: அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு, ஸ்கேன். மற்றது எந்த ரசீதிலும் ஏறாதது: பஸ் சார்ஜ், ஆட்டோ, வெளியூரில் அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, துணைக்கு வந்தவர் இழந்த கூலி, ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளையின் பள்ளிக் கட்டணம். முதல் வகைக்கு அரசுத் திட்டம், காப்பீடு, அறக்கட்டளை என்று தட்டிப் பார்க்க நாலு கதவாவது உண்டு. இரண்டாவது வகைக்கு அக்கம்பக்கத்தை விட்டால் நாதியில்லை. பெங்களூருவின் ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற ஒரு பேட்டை நிதி திரட்ட எழுந்தால், எவ்வளவு என்பதற்கு முன்னால் எந்தச் செலவுக்கு என்று கேட்டாக வேண்டும்.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை தந்த மதிப்பீடு. இத்தனை பெரிய சுமையை உண்டியல் குலுக்கித் தீர்க்க முடியாது. அது அரசாங்கத்தின் வேலை. கர்நாடகத்தில் 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகத் திட்டம், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. மற்றவர்களுக்குத் திட்டக் கட்டணத்தில் 30 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை. இந்தத் திட்டத்தின் அட்டை வைத்திருப்பவர் பெரிய பில்லைக் கண்டு முன்போல அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நோய் இன்னதென்று உறுதியாவதற்குள் ஊர் டாக்டர், ஸ்கேன் சென்டர், பயாப்ஸி என்று அலையும் வாரங்களிலேயே பல வீடுகளில் நகை அடகுக் கடைக்குப் போய்விடுகிறது.

கதிர்வீச்சு சிகிச்சையை எடுத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து முதல் ஏழு வாரம் வரை போக வேண்டியிருக்கும். எந்திரத்தின் கீழே படுத்திருப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்காக ஒரு நாள் முழுக்கப் போகும். ஓசூர் சாலையிலுள்ள கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து வருகிறவர் விடியுமுன் பஸ் ஏறி, வரிசையில் நின்று, முறை வந்து முடிந்து, திரும்ப வீடு சேர இருட்டிவிடும். துணைக்கு ஒருவர் வேண்டும். ஆக, இரண்டு பேருக்குப் பஸ் சார்ஜ், இரண்டு பேருக்குச் சாப்பாடு, இரண்டு பேர் கூலி போச்சு. இப்படி இருபத்தைந்து, முப்பது தடவை. கையிருப்பு கரையும் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் விட்டுப்போகும். அப்புறம் இரண்டு நாள்.

இந்த விடுப்பு சாதாரணம் இல்லை. கருப்பை வாய்ப் புற்றிலும் தலை, கழுத்துப் புற்றிலும் சிகிச்சை இழுத்துக்கொண்டே போனால் குணமாகும் வாய்ப்பு குறைகிறது. கருப்பை வாய்ப் புற்றுக்கு மொத்தக் கதிர்வீச்சும் எட்டு வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. பல கோடி ரூபாய் எந்திரம் தயாராக நிற்க, நூறு இருநூறு ரூபாய் இல்லாமல் சிகிச்சை கெட்டுப்போகிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றில் இன்னொரு விதமான ஆபத்து. சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். முதல் சில மாதங்களிலேயே பிள்ளை தெளிந்து ஓடியாடத் தொடங்கிவிடும். வேலைக்குப் போகாமல் கடன் ஏறிக் கிடக்கும் தகப்பன், பிள்ளைக்குச் சரியாகிவிட்டது என்று நம்பி ஊர் திரும்பிவிடுவார். பாதியில் நின்ற சிகிச்சை, நோய்க்கு மறுபடி வழிவிடுகிறது.

இந்தியாவின் பெரிய புற்றுநோய் நிலையங்கள் பலவற்றின் அடித்தளத்தில் தனியார் துயரமும் பொதுமக்கள் பணமும் இருக்கின்றன. லேடி மெஹர்பாய் டாடா 1932இல் ரத்தப் புற்றால் இறந்தார். அவர் கணவர் தோராப்ஜி டாடா விட்டுச்சென்ற அறக்கட்டளையின் பணத்தில் 1941இல் பம்பாயில் டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோய்க்குப் பலியானார். அந்த வடு மறையாமலே, 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதியை அவர் தொடங்கினார். டாடாவுக்கு இருந்த செல்வம் அவரிடம் இல்லை. கேட்டுக் கேட்டுச் சேர்த்த பணம். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு, குடிசை போன்ற எளிய கட்டடங்களில் மருத்துவமனை நடக்கத் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்து 2021இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். பெங்களூருவின் கித்வாய் நிலையமும், கதிர்வீச்சு எந்திரம் வாங்க 1 லட்சம் ரூபாய் தந்த மத்திய அமைச்சர் ரஃபி அகமது கித்வாயின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

பேட்டை மக்கள் தங்களுக்கு எட்டுகிற அளவு என்று பார்க்கக்கூடியது கருணாஷ்ரயா என்ற இல்லம். இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கர்நாடகக் கிளையும் இந்திராநகர் ரோட்டரி சங்கமும் சேர்ந்து 1994இல் பெங்களூரு ஹாஸ்பிஸ் அறக்கட்டளையை அமைத்தன. கட்டடம் வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. மறு ஆண்டே செவிலியர்கள் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டவும் வலிக்கு மாத்திரை தரவும் ஆரம்பித்துவிட்டார்கள். மாரத்தஹள்ளி அருகே 1999இல் அந்த இல்லம் எழுந்தது. கட்டடக் கலைஞர் சஞ்சய் மோஹே வடிவமைத்த கல் கட்டடம், நடுவில் நீர் நிறைந்த முற்றம். இனி குணமாக்க வழியில்லை என்று மருத்துவமனை கைவிரித்த நோயாளிகள் அங்கே வலியில்லாமல் கடைசி நாட்களைக் கழிக்கிறார்கள். யாரிடமும் ஒரு பைசா வாங்குவதில்லை. ஓர் ஊரின் சங்கங்கள் மனம் வைத்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இந்த நகரத்திலேயே இருக்கும் சாட்சி அது.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு நோயும் நிதியும் புதிதல்ல. 1898இல் பிளேக் கன்டோன்மென்டை உலுக்கிய பிறகு, நெரிசல் குறையவென்று எழுந்த புதுப் பேட்டைகளின் வரிசையில் வந்ததுதான் இது. ஃபிரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் எல்லாம் கூப்பிடு தூரம். தமிழும் உருதும் ஆங்கிலமும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும் பகுதி. பணம் சேர்க்கும் கலையும் இங்கே பல வகை. தமிழ்த் தேவாலயங்களின் அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடும்போது ஒரு பூசணிக்காய் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். ஒருவர் கடை விலையைப் போல இருபது மடங்கு கொடுத்து எடுப்பார். எடுத்த கையோடு திருப்பிக் கொடுப்பார். அதே பூசணி மறுபடி ஏலத்துக்கு வரும். கடைசியில் யார் வீட்டுக் குழம்பில் விழுகிறதோ, அதற்குள் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கும். ஹவுசி ஆட்டம், பழைய துணி விற்பனை, கேக் விற்பனை என்று ஆங்கிலோ இந்தியர் விட்டுச்சென்ற வழக்கங்களும் உண்டு. ரமலான் மாதத்தில் இரண்டரை சதவீத ஜகாத் கணக்குப் பார்த்துப் பிரிக்கும் வீடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஒரு மாலை விழாவில் பெருந்தொகை சேர்ப்பது இந்தப் பேட்டைக்குக் கடினம் இல்லை. கலைநிகழ்ச்சி நடக்கும், ஆளுயர அட்டைக் காசோலையை ஏந்திப் படம் எடுப்பார்கள். அந்த அட்டைக் காசோலையை எவர் கண்டுபிடித்தாரோ, அவருக்கு வங்கியில் வேலை இருந்திருக்காது. நோயாளிக்கோ செலவு ஒரே மாலையில் வந்து முடிவதில்லை, வாராவாரம் வருகிறது. ஆகவே சேர்ப்பதும் மாதாமாதம் இருக்க வேண்டும். 300 வீடுகள் மாதம் 100 ரூபாய் தந்தால் மாதத்துக்கு 30,000 ரூபாய், ஆண்டுக்கு 3,60,000. ஓர் அறுவை சிகிச்சைக்கே இது காணாமல் போகலாம். பஸ் சார்ஜுக்கும் சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் என்று ஒதுக்கினால் பல குடும்பங்களின் சிகிச்சை நடுவழியில் நிற்காமல் காக்கும்.

கேரளம் இதைச் செய்து காட்டியது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், சில ஆண்டுகளில் மலப்புரம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கக் குழுக்களாகப் பரவியது. கடை உண்டியல், பள்ளிப் பிள்ளைகளின் சில்லறை, கூலிக்காரரின் மாதச் சந்தா என்று சிறுகாசில் நடந்த இயக்கம் அது. அரசு பின்னால் வந்தது. 2008இல் அதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது. கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞன், புற்றால் ஒரு காலை இழந்தவன், 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினான். அவன் கேட்டது நாட்டு மக்களிடம் ஆளுக்கு ஒரு டாலர். மறு ஆண்டு பிப்ரவரியில் அந்தத் தொகை சேர்ந்தது; ஜூனில் அவன் இறந்தான், வயது 22. அவன் பெயரில் நடக்கும் ஓட்டங்களில் இன்றும் கட்டாயக் கட்டணம் இல்லை, பரிசு இல்லை.

இணையத்தில் நிதி கேட்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்த வழி. பெங்களூருவிலேயே 2010இல் பிறந்த மிலாப் போன்ற தளங்களால் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். குறை ஒன்று உண்டு. மென்பொருள் பொறியாளரின் வாட்ஸ்அப்பில் இருப்பவர்களும், அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் வாட்ஸ்அப்பில் இருப்பவர்களும் ஒன்றல்ல. இருப்பவருக்குச் சேரும் வேகத்தில் இல்லாதவருக்குச் சேராது. அந்த அம்மாவுக்காக அவர் வேலை செய்யும் தெரு கேட்டால்தான் உண்டு.

கேட்கிறவர்கள் கணக்கில் கறாராக இருக்க வேண்டும். மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டுக் கடிதத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் திரட்டக் கூடாது. சிகிச்சைப் பணம் நோயாளியின் பதிவு எண்ணோடு நேரே மருத்துவமனைக் கணக்கில் கட்டப்பட வேண்டும். வழிச்செலவு மட்டும் குடும்பத்தின் கையில். வரவும் செலவும் மாதம் ஒருமுறை தந்தவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகப் போனால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வரிச் சலுகை கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அது கிடைக்காது. மொட்டைத் தலையோடு இருக்கும் பிள்ளையின் படத்தை ஃபிளெக்ஸில் போட்டுத் தெருமுனையில் கட்டுவது வேண்டவே வேண்டாம். அந்தப் பிள்ளை பிழைத்து அதே தெருவில் பள்ளிக்குப் போக வேண்டியிருக்கிறது.

பணம் தராமலும் செய்யக்கூடியது நிறைய. கீமோவில் ரத்த அணுக்கள் குறையும்போது தட்டணுக்கள் தேவைப்படும். எடுத்த தட்டணுவை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. எனவே முகாம் நடத்தி ஒரே நாளில் குவிப்பதைவிட, கூப்பிட்டால் வரும் இருபது பேரின் பட்டியல் பயன் தரும். ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையிலிருந்து உரிய படிவம் வாங்கிப் போக வேண்டும். இது தெரியாமல் முழு டிக்கெட் எடுப்பவர்கள் ஏராளம். எல்லாவற்றுக்கும் மேலாக மொழி. தமிழ்நாட்டிலிருந்து வந்து, கன்னடப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கவுன்டர் என்று தெரியாமல் நிற்கிறவருக்கு, தமிழும் கன்னடமும் பேசும் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றால் பாதிச் சுமை இறங்கும். வெளிமாநில அட்டை இங்கே செல்லுமா என்று முதல் நாளே விசாரித்துச் சொன்னால் மீதியிலும் பாதி இறங்கும்.

ஆகவே ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒவ்வொரு வீடும் மாதம் 100 ரூபாயும், ஓய்வு பெற்றவர்கள் வாரத்தில் ஒரு காலைப் பொழுதும் தர முன்வர வேண்டும். பெயர் எழுதும் நோட்டுப் புத்தகம் இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் இருக்கும்.