மழலையர் பள்ளிக்குச் சங்க உறுப்புரிமை பயன் தருமா?

 

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல, வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து பணி கருதிக் குடிபெயர்ந்தவை. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தபின் இவ்வட்டாரமே உழைப்போர் ஊராயிற்று. சொந்த ஊரில் இருந்தவரை குழந்தையின் முதல் பள்ளி பாட்டியின் மடியாக இருந்தது. பஞ்ச நமஸ்காரமும், கதையும், கணக்கும், உயிர்களிடத்து அன்பும் அங்கேயே தொடங்கின. இன்று தாயும் தந்தையும் காலையில் பணிக்குச் செல்லும் வீட்டில், மூன்று வயதுக் குழந்தை தெருமுனையிலுள்ள மழலையர் பள்ளிக்குச் செல்கின்றது. பாட்டியின் இடத்தில் ஓர் ஆசிரியை அமர்ந்திருக்கின்றார். ஆகவே அப்பள்ளி எத்தகையது என்னும் வினா ஒவ்வொரு குடும்பத்தின் வினாவாகும்.

அவ்வினாவின் ஒரு கூறே இன்றைய பொருள். மழலையர் பள்ளிகளுக்கென்று சங்கங்களும் கூட்டமைப்புகளும் உள்ளன. ஆண்டுச் சந்தா செலுத்தினால் சான்றிதழும் முத்திரையும் கிடைக்கின்றன. வாடகைக் கட்டடத்தில் இரண்டு ஆசிரியைகளையும் ஓர் ஆயாவையும் வைத்துக்கொண்டு பள்ளி நடத்தும் ஒருவர் அச்சந்தாவைச் செலுத்தலாமா? செலுத்தினால் குழந்தைக்கு என்ன கிடைக்கும்? இதனை ஆராய்தல் வேண்டும்.

முதற்கண், மயங்கக் கூடாத நான்கு சொற்கள் உள்ளன: அங்கீகாரம், தரச்சான்று, கிளையுரிமை, உறுப்புரிமை.

அங்கீகாரம் என்பது அரசு அளிப்பது. தமிழ்நாடு அரசு விளையாட்டுப் பள்ளிகளுக்கென 2015ஆம் ஆண்டு தனி விதித்தொகுப்பை வகுத்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது; 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கட்டட உரிமம், கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்குரிய சான்றுகள் பள்ளிகளுக்கு ஏன் வற்புறுத்தப்படுகின்றன என்பதைத் தமிழகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஓலைக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. எந்தச் சங்கத்தின் சான்றிதழும் இச்சான்றுகளுக்கு மாற்றாகாது.

தரச்சான்று என்பது, ஒரு நடுநிலை அமைப்பு பள்ளிக்கு நேரில் வந்து, வகுப்பறையைக் கண்டு, அளவுகோலை வைத்துப் பார்த்து அளிப்பது. கிளையுரிமை என்பது, பிரான்சைஸ் என்னும் பெயரில் ஒரு வணிக நிறுவனத்தின் பெயரையும் பாடத்திட்டத்தையும் விலை கொடுத்துப் பெறுவது. உறுப்புரிமை என்பது, ஒரே தொழிலைச் செய்வோர் கூடிய அமைப்பில் ஒருவராதல், அவ்வளவே. அமெரிக்காவின் இளஞ்சிறார் கல்விக்கான தேசியச் சங்கம் 1926ஆம் ஆண்டில் வேர்கொண்டது. எனினும் பள்ளிகளை நேரில் ஆய்ந்து தரச்சான்று அளிக்கும் பணியை அது 1985ஆம் ஆண்டுதான் தொடங்கிற்று. இன்றும் அங்கே உறுப்பினராதல் வேறு, தரச்சான்று பெறுதல் வேறு. உறுப்பினர் முத்திரையைத் தரச்சான்று போலவும், சில வேளைகளில் அரசு அங்கீகாரம் போலவும் தோன்றும்படி வாயிலில் மாட்டுதல், சத்திய அணுவிரதத்திற்கு மாறானது. பொய்யான சொல் ஒன்றும் அதில் இல்லையாயினும், பார்ப்போர் மனத்தில் பொய்யான எண்ணம் எழ விடுதலும் பொய்யே.

அங்ஙனமாயின் சங்கங்களால் பயனே இல்லையோ எனின், வரலாறு வேறு விடை தருகின்றது.

வழக்கறிஞராய் இருந்து கல்விப் பணிக்கு வந்த கிஜுபாய் பதேகா, 1920ஆம் ஆண்டு குஜராத்தின் பாவ்நகரில் பால மந்திரம் என்னும் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். அடியும் அச்சமும் இன்றிக் குழந்தை கற்கலாம் என்பதை அங்கே காட்டினார். ஆயினும் ஒரு பள்ளி எவ்வளவு சிறந்ததாயினும் அது ஒரு பள்ளியே. எனவே 1926ஆம் ஆண்டு அவரும் தாராபாய் மோடக் அம்மையாரும் சேர்ந்து நூதன பால சிக்ஷண் சங்கத்தை நிறுவினர். ஆசிரியர்க்குப் பயிற்சி, இதழ், கூட்டம் ஆகியவற்றின் வழியே ஓர் ஊரின் அனுபவம் பல ஊர்களின் உடைமையாயிற்று. பின்னர்த் தாராபாய் மகாராஷ்டிரத்தின் போர்டியில் 1945ஆம் ஆண்டு தம் பணியை ஏழைக் குழந்தைகளிடம் கொண்டுசென்றார். பள்ளிக்கு வராத குழந்தைகளுக்காக அவர்கள் வீட்டு முற்றத்திலேயே பள்ளி நடத்திய அம்முயற்சியில்தான் அங்கன்வாடி என்னும் சொல் வழங்கலாயிற்று. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் மையங்கள் இன்று நாடெங்கும் அப்பெயரைத் தாங்குகின்றன.

சென்னைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலின் அழைப்பை ஏற்று மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டு அடையாற்றுக்கு வந்தார். பல மாநிலங்களிலிருந்தும் 300 பேரளவில் அவரிடம் பயிற்சி பெற வந்தனர். சில திங்கள் தங்குவதாக வந்தவர், போர் மூண்டமையால் 1946 வரை இந்நாட்டிலேயே இருந்தார். அவர் 1929இல் நிறுவிய பன்னாட்டு மாண்டிசோரிச் சங்கத்தின் பெருமை உறுப்பினர் எண்ணிக்கையில் இல்லை. கடும் பயிற்சியையும் தேர்வையும் முடித்தவர்க்கே பட்டயம் என்னும் ஒழுங்கில் உள்ளது. இன்று பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்று எழுதியுள்ள பள்ளிகள் அனைத்திலும் அம்முறையில் பயின்ற ஆசிரியர் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. பெயரை எழுதுவது எளிது. பயிற்சியைப் பெறுவது அரிது.

இந்திய முன்பருவக் கல்விச் சங்கம் 1964ஆம் ஆண்டு தோன்றியது. ஆசிரியர், ஆய்வாளர், பயிற்றுநர் ஆகியோரை ஒரே அவையில் அமர்த்தியதே அதன் பயன். இவ்வரலாறுகள் அனைத்தும் ஓர் உண்மையைச் சுட்டுகின்றன. பயன் தந்த சங்கம் எதுவாயினும் அது உறுப்பினருக்கு முத்திரையை மட்டும் தரவில்லை; உறுப்பினரிடமிருந்து உழைப்பையும் ஒழுங்கையும் கேட்டது.

சமணர்க்கு இவ்வுண்மை புதிதன்று. முனிவர், ஆர்யிகையர், சிராவகர், சிராவகியர் என்னும் நால்வகைச் சங்கம் சந்தாவால் அமைந்ததன்று, விரதத்தால் அமைந்தது. நெறியை ஏற்றவர் கூட்டமே சங்கம் எனப்பட்டது. மழலையர் பள்ளிச் சங்கத்தையும் இவ்வளவுகோலால் அளக்கலாம்.

நாள்தோறும் நடப்பதைக் கருதுக. மூன்று வயதுக் குழந்தையின் விரல்கள் எழுதுகோலைப் பிடித்து வரிசையாக எழுதும் வலிமையை இன்னும் பெறவில்லை. களிமண் பிசைதல், மணி கோத்தல், மணலில் விரலால் வரைதல் ஆகியவையே அக்கையை ஆயத்தம் செய்வன. ஆசிரியை இதனை அறிவார். ஆனால் பெற்றோர் வந்து, அடுத்த தெருப் பள்ளியில் குழந்தைகள் நோட்டுப் புத்தகம் நிறைய எழுதுகின்றார்களே என்று கேட்கின்றனர். வீட்டுப்பாடம் இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்னால் அடுத்த ஆண்டு அக்குழந்தை அடுத்த தெருவுக்குச் சென்றுவிடும். பத்துக் குழந்தைகள் அவ்வாறு சென்றால் வாடகை கொடுக்க இயலாது. எனவே அறிந்தே தவறானதைச் செய்கின்றார். அடுத்த தெருவில் உள்ளவரும் இதே அச்சத்தால் இதனையே செய்கின்றார்.

இம்முடிச்சைத் தனியொரு பள்ளியால் அவிழ்க்க இயலாது. ஆனால் வட்டாரத்திலுள்ள பதினைந்து பள்ளிகள் ஒரு சங்கமாகக் கூடி, மூன்று வயதில் எழுத்து வேலை தருவதில்லை, குழந்தையைத் தேர்வு வைத்துச் சேர்ப்பதில்லை, அடிப்பதில்லை, ஓர் ஆசிரியரிடம் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகளை ஒப்படைப்பதில்லை என எழுதிக் கையொப்பமிட்டால், நல்லதைச் செய்பவர் நட்டமடையார். தனிப் பள்ளி சொன்னால் பெற்றோர் ஐயுறுவர். எல்லாப் பள்ளியும் சொன்னால் அதுவே ஊர் வழக்கமாகும். உறுப்புரிமையின் தலையாய பயன் இதுவே. நல்லதைச் செய்யும் துணிவை அது சிறிய பள்ளிக்கும் தருகின்றது.

அடுத்த பயன் ஆசிரியர்க்குரியது. பேச்சு வராத குழந்தை, பிறரைக் கடிக்கும் குழந்தை, தாயைப் பிரிந்ததும் நாள் முழுதும் அழும் குழந்தை ஆகியோரைக் கையாளும் வழியைச் சிறிய பள்ளியின் ஆசிரியை யாரிடம் கேட்பார்? பெரிய பள்ளியில் மூத்த ஆசிரியர் இருப்பார். இங்கே அவர் தனியர். திங்களுக்கு ஒருமுறை பிற பள்ளி ஆசிரியைகளோடு அமர்ந்து பேசுவதே அவர்க்குப் பல்கலைக்கழகம். பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே ஆசிரியர் இலக்கணத்தையும் மாணாக்கர் இலக்கணத்தையும் வைத்தார். இலக்கணம் கற்பிக்கப் புகுந்த நூல் கற்பிப்போர் தகுதியை முன்வைத்தது சிந்திக்கத்தக்கது. கட்டடமும் பொம்மைகளும் பின்னர், ஆசிரியர் முன்னர்.

மூன்றாம் பயன் அலுவலக வழிகளைப் பற்றியது. அம்பத்தூர் வட்டம் 2018ஆம் ஆண்டு சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. ஆவடியும் பூவிருந்தவல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன. உள்ளாட்சியிலும் அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. அருகருகே உள்ள பள்ளிகளுக்கு அணுக வேண்டிய அலுவலகங்கள் வேறு வேறு. எந்தச் சான்று எங்கே, எத்தனை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதை முன்னே சென்றவர் பின்னே வருபவர்க்குச் சொல்வது பேருதவி.

எதிர்ப்பக்கத்தையும் காணல் வேண்டும். சில அமைப்புகள் உரிமையாளர்க்கு மட்டுமே உரியவை; ஆசிரியை அங்கே நுழைவதில்லை. சில, கட்டணத்தையும் விதிகளையும் பற்றி அரசோடு வழக்காடுவதையே பணியாகக் கொண்டவை. அதுவும் தேவையாகலாம்; ஆனால் அதனால் வகுப்பறை மாறுவதில்லை. சில, சந்தா செலுத்திய எவர்க்கும் வினாவின்றிச் சான்றிதழ் அனுப்புகின்றன. எதையும் கேட்காத சங்கம் எதையும் தருவதில்லை. சந்தாவும் வானிலிருந்து வருவதன்று. பெற்றோர் செலுத்தும் கட்டணத்திலிருந்தோ ஆசிரியையின் ஊதியத்திலிருந்தோதான் வருகின்றது. ஆசிரியைக்கு உரிய ஊதியம் தராத பள்ளி முத்திரைக்குச் செலவிடுதல் அறமாகாது.

எனவே பள்ளி நடத்துவோர் சேருமுன் ஐந்து வினாக்களைக் கேட்க வேண்டும். சங்கத்திற்கு எழுதப்பட்ட நெறிமுறை உண்டா, அதனை மீறியோர் மீது நடவடிக்கை எடுக்கப்படுகின்றதா? கூட்டங்களுக்கு ஆசிரியைகள் அழைக்கப்படுகின்றனரா? பயிற்சி தமிழில் நடக்கின்றதா? பணி முடிந்து பேருந்தில் சென்று வரும் தொலைவில் நடக்கின்றதா? ஆண்டுக் கணக்கு உறுப்பினர் முன் வைக்கப்படுகின்றதா? விடைகள் நிறைவாயின் சேர்க. இல்லையேல் அப்பணத்தை ஆசிரியையின் பயிற்சிக்குச் செலவிடுக.

பெற்றோர் கேட்கவேண்டியவையும் உண்டு. முதலில் அரசு அங்கீகார ஆணையைக் காண்க. பின்னர்ச் சான்றுகள் நடப்பிலுள்ளனவா எனக் காண்க. அதன்பின், சுவரிலுள்ள சங்கச் சான்றிதழைச் சுட்டி ஒரே வினாவைக் கேட்க: இச்சங்கத்தால் சென்ற ஆண்டு இவ்வகுப்பறையில் மாறியது என்ன? ஆசிரியை மலர்ந்த முகத்தோடு ஒன்றைச் சொன்னால் அச்சான்றிதழ் உயிருள்ளது. விடையில்லையேல் அது சுவருக்கு அணி மட்டுமே.

வட்டாரத்தில் தக்க சங்கம் இல்லையெனில் உருவாக்குதலும் அரிதன்று. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவுக்கு முன்பே, ஐந்தாறு பள்ளிகளின் ஆசிரியைகள் திங்கள்தோறும் ஒரு சனிக்கிழமை மாலை கூடிப் பேசத் தொடங்கலாம். அவர்கள் அமர ஓர் அறையும், குடிக்க நீரும், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குழந்தை நல மருத்துவரின் உரையும் ஏற்பாடு செய்தல் அறக்கட்டளைகளின் ஆற்றலுக்கு உட்பட்டதே. சமயம் பாராது எல்லாப் பள்ளிகளுக்கும் அக்கதவைத் திறந்து வைத்தல் கல்வி தானத்திற்கு அழகு.

பள்ளி என்னும் சொல்லே சமண முனிவர் உறைந்து கற்பித்த இடங்களோடு தொடர்புடையது. வந்தவாசியை அடுத்த வேடலில் உள்ள 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, முதலாம் ஆதித்த சோழன் காலத்தது. கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரையும் அவர்தம் 500 மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றதை அது கூறுகின்றது. இடர் வந்த காலத்தில் அவ்வாசிரியரைத் தாங்கியது முத்திரையன்று, பொறுப்பேற்ற மக்கள். இன்று அம்பத்தூரின் ஒரு தெருவில் முப்பது மழலைகளை மடியில் ஏந்தியிருக்கும் ஆசிரியைக்கும் அத்தகைய துணை வேண்டும். அத்துணையைத் தரும் சங்கத்தில் சேர்தல் நன்று. தராததை விலக்குதல் நன்று. இல்லாத இடத்தில் அதனை அமைத்தல் எல்லாவற்றினும் நன்று.

அறம் வளர்க. மழலையர் வாழ்க.