பிள்ளைகள் பந்தாடும் தரை
(காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் பந்தாட இடம் மூன்று: கார் நிறுத்தும் சிமெண்ட் தரை, வளாகத்தின் பின்புறச் செம்மண் திடல், விடுமுறையில் ஓசூரில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் டர்ஃப். மூன்றிலும் கால்கள் படும் பாடு வேறு வேறு.

கால்பந்தில் அடி என்றால் மோதல் என்றே நினைக்கிறோம். யாரும் தொடாமலே கணுக்கால் பிசகும், முழங்காலும் முறுகும். தரை ஷூவை இறுகப் பிடித்தால் பாதம் நின்றுவிடும், உடல் திரும்பும். பிடி இல்லாவிட்டால் வழுக்கும். சிமெண்டோ அதிர்ச்சியைத் துளியும் வாங்காது. ஐவர் ஆடும் ஃபுட்சாலுக்கே மரத் தரை அல்லது செயற்கைத் தளம்தான் ஏற்றது என்கிறது ஃபிஃபா விதி.

அப்படியானால் டர்ஃப் ஆபத்தா? சுவீடன் மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்ட் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தக் காயங்கள் இயற்கைப் புல்லைவிடச் செயற்கைப் புல்லில் அதிகமில்லை. கணுக்கால் சுளுக்கு மட்டும் கூடுதல். ஆனால் அவை பெரிய கிளப்புகளின் தரமான மைதானங்கள்.

சிமெண்ட் மேல் பச்சைப் புல் விரிப்பு ஒட்டலாமே என்று சிலர் கேட்டீர்கள். பால்கனிக்கு வாங்கும் அலங்காரப் புல் வேறு, ஆட்டப் புல் வேறு. ஆட்டப் புல்லில் இழைகளுக்கு நடுவே மணலும் ரப்பர் துகளும் நிரப்பியிருப்பார்கள். பல இடங்களில் அடியில் மெத்தை அடுக்கும் உண்டு. அது இல்லாத விரிப்பால் தரை பச்சையாகுமே தவிர, மெதுவாகாது.

பெற்றோர் கவனிக்க:

புல் தரைக்கான நீளக் குமிழ் ஷூவை டர்ஃபில் போடவிடாதீர்கள். அங்கே குட்டைக் குமிழ்கள் நிறைந்த ஷூ. சிமெண்டில் தட்டையான ரப்பர் அடி.

டர்ஃபில் இறங்குமுன் விரிப்பின் இணைப்பு பிரிந்திருக்கிறதா, துகள் ஓரிடத்தில் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். உச்சி வெயிலில் வேண்டாம். இயற்கைப் புல்லைவிட அது மிக அதிகமாகச் சுடும்.

‘ஃபிஃபா 11+’ என்ற 20 நிமிட வார்ம்-அப்பைத் தவறாமல் செய்த அணிகளில் காயங்கள் குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்குக் காசு வேண்டாம்.

என் யோசனை இதுதான். விரிப்புக்குச் செலவிடுமுன் செம்மண் திடலைச் சரிசெய்வோம். கல் பொறுக்கி, பள்ளம் நிரப்பி, தண்ணீர் தெளித்து உருளை விட்டால், சிமெண்டைவிட நல்ல தரை நம்மிடமே இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் ஆட்டத்தை நிறுத்துவோம். சங்கம் நாள் குறிக்கட்டும். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்.