நடிப்புக் கலையும் தோட்டத்து இளைஞர்களும்

(மாசாய் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நமது தோட்ட மக்களுக்கு நாடகம் புதிதன்று. கோயில் திருவிழாவில் அருச்சுனன் தபசு, காமன் கூத்து, பொன்னர் சங்கர் கதை என்று இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்தவர்கள் நம் முன்னோர். அம்மேடையில் ஏறிக் கைதட்டல் பெற்ற இளைஞர்களும் இளம் பெண்களும் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுள் சிலருக்கு நடிப்பையே வாழ்க்கையாகக் கொள்ள வேண்டும் என்ற ஆவல் எழுகிறது. பெற்றோருக்கோ அச்சம் எழுகிறது. ஆவலும் தவறன்று, அச்சமும் தவறன்று. ஒரு நடிகன் எவ்வாறு உருவாகிறான், அதற்கு அவன் என்ன விலை கொடுக்கிறான் என்பதை அறிந்தால் இரு சாராரும் தெளிவு பெறலாம். அதனை இன்று ஆராய்வோம்.

பாய்ஸ் கம்பெனி என்னும் பள்ளிக்கூடம்

திரையில் நாம் கண்டு வியந்த பெரிய நடிகர்கள் பலர் எங்கே பயின்றார்கள்? கல்லூரியில் அல்ல; ஊர் ஊராகச் சென்ற நாடகக் கம்பெனிகளில்தான்.

தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்தவர். அவர் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவை அமைத்தார். அதில் அண்ணன் தம்பிமார் சிலர் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான தி. க. சண்முகத்துக்கு அப்பொழுது வயது ஆறு. சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்த அபிமன்யு சுந்தரி நாடகத்தில் அச்சிறுவனே அபிமன்யுவாக நடித்தான். சுவாமிகள் 1922இல் மறைந்தார். 1925இல் அச்சகோதரர்கள் சொந்தமாகவே ஒரு நாடக சபையைத் தொடங்கினர். 1942இல் ஔவையார் நாடகத்தில் முப்பது வயது ஆண்மகனான சண்முகம் முதிய பெண்ணாகிய ஔவையாகவே மாறி நின்றார். அன்று முதல் மக்கள் அவரை 'அவ்வை' சண்முகம் என்றே அழைக்கலாயினர். ஆறு வயதில் தொடங்கிய பயிற்சி அந்தப் பெயரைப் பெற்றுத் தர இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

நடிகர் திலகம் சிவாஜி கணேசன் சிறுவனாக இருந்தபோது திருச்சியில் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்தார். நடிகனாக வேண்டும் என்ற விதை அன்று அவர் மனத்தில் விழுந்தது. தாய் தந்தை இல்லாதவன் என்று சொல்லி நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அவருக்கு முதலில் கிடைத்தது சீதை வேடம். பின்னர்ப் பல பெண் வேடங்கள், பல சிறு வேடங்கள். பராசக்தி படம் வெளிவந்தது 1952இல். சிறுவயதில் கூத்தாகக் கண்ட கட்டபொம்மனை அவர் முதலில் மேடையிலும், பின் 1959இல் திரையிலும் நடித்தார். அந்நடிப்புக்கு 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது.

மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். 1917இல் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தையை இழந்த குடும்பத்தின் வறுமை, அவரையும் அண்ணன் சக்கரபாணியையும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் கொண்டு சேர்த்தது. அவரது முதற்படம் சதி லீலாவதி 1936இல் வந்தது; அதில் அவருக்குச் சிறிய வேடமே. கதாநாயகனாக நடித்த ராஜகுமாரி 1947இல் வந்தது. இடையில் ஓடியவை பதினொரு ஆண்டுகள்! இன்று ஒரு குறும்படத்தில் தோன்றிவிட்டு, மறுநாளே அழைப்பு வரவில்லையே என்று மனம் உடையும் இளைஞர்கள் இப்பதினொரு ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கம்பெனியில் கற்றவை

பால்மரம் சீவுவதை ஒருவன் ஒரே நாளில் கற்றுக்கொள்ள இயலுமா? கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மேலோடு போனால் மங்கில் பால் சேராது. பட்டையின் கனத்தைக் கை தானே அறியும் வரையில் பழக வேண்டும். நடிப்பும் அத்தகையதே.

கம்பெனியில் முதற்பயிற்சி குரலுக்கு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும். கத்தினால் தொண்டை கெடும். மூச்சை அடக்கி ஆளக் கற்றால் குரல் தானே செல்லும். சங்கீதப் பயிற்சி அனைவருக்கும் உண்டு.

இரண்டாவது மனப்பாடம். தன் வேடத்துப் பாடத்தை மட்டுமன்றி அடுத்தவன் பாடத்தையும் கேட்டுக் கேட்டுச் சிறுவர்கள் அறிந்திருந்தனர். ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால் மற்றொருவன் அன்றிரவே அவ்வேடத்தை ஏற்பான்.

மூன்றாவது உடற்பயிற்சி. நடை, நிற்கும் முறை, வாட்போர், நடனம் எல்லாம் வாத்தியார் முன்னிலையில் நாள்தோறும் நடைபெறும்.

நான்காவது, எந்த வேடத்தையும் இழிவாக எண்ணாமை. இராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேடங்கள் பலவாயினும் அவற்றைச் சேர்த்தால்தான் நாடகம். வேடம் இல்லாத நாளில் திரை இழுப்பவனும் நடிகனே.

கொடுத்த விலை

இனி மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். அந்தக் கம்பெனிகளில் கண்டிப்பு மிகக் கடுமை, அடியும் உண்டு. சிறுவர்கள் பெற்றோரைக் காணாமல் ஆண்டுக் கணக்கில் ஊர் ஊராகத் திரிந்தனர். பள்ளிப் படிப்பு நின்றுபோயிற்று. பதினான்கு பதினைந்து வயதில் குரல் உடையும். அதனை நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்பர். இனிமையாகப் பாடிய சிறுவன் அன்று முதல் பாட முடியாமல் நிற்பான். அவனுக்கு வேடம் போய்விடும். படிப்பும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. புகழ்பெற்ற நாலைந்து பேரின் கதையை நாம் அறிவோம். மகரக்கட்டோடு வாழ்வு முடங்கிப்போன சிறுவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே அக்கம்பெனிகள் தந்த பயிற்சியை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவை வாங்கிய விலையை நம் பிள்ளைகள் கொடுக்க விடலாகாது. இதுவே நாம் இன்று சொல்ல வந்த கருத்து.

நமது நாட்டில் இதற்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. 1966ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, பிள்ளைகளைப் பொதுக் கேளிக்கை நிகழ்ச்சிகளில் வேலைக்கு அமர்த்துவதற்கு உரிமம் பெற வேண்டும். அதன் நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். உங்கள் பிள்ளையைப் படப்பிடிப்புக்கு அழைப்பவரிடம் இதைக் கேட்பது பெற்றோரின் உரிமை.

வேலையும் கலையும்

வேலையை விட்டால்தான் நடிகனாக முடியுமா? வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞர், பின்னர் நீதிபதி. அவரும் அவருடைய நண்பர்களும் பகலில் தத்தம் தொழிலைக் கவனித்துவிட்டு மாலையில் ஒத்திகை பார்த்தனர். அவ்வாறே அவர் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார்.

நகைச்சுவை நடிகர் நாகேஷ் இரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே மேடையில் நடித்தவர். ஒரு நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது வயிற்றுவலிக்காரன் வேடம்; சில நிமிடங்களே வரும் வேடம். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அந்தச் சில நிமிடங்களைப் பாராட்டிப் பரிசளித்தார். பின்னாளில் நாகேஷுக்குப் பெரும்புகழ் தந்த சர்வர் சுந்தரம் நாடகத்தை எழுதிய கே. பாலசந்தரும் அப்பொழுது அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் ஊழியரே. அந்நாடகம் 1964இல் படமாயிற்று.

அண்மைக் காலச் சான்றும் உண்டு. ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை பல நடிகர்களைப் பயிற்றுவித்தது. துபாயில் கணக்கு வேலை பார்த்துத் திரும்பிய விஜய் சேதுபதி அங்கே கணக்கராகச் சேர்ந்து, நடிகர்கள் பயிற்சி பெறுவதை அருகிலிருந்து கவனித்தார். திரையில் பல சிறு வேடங்களுக்குப் பிறகே 2010இல் தென்மேற்குப் பருவக்காற்று படத்தில் கதாநாயகன் ஆனார்.

பெண்களுக்கும் இவ்வழி திறந்தே இருந்தது. கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் வறுமையில் வளர்ந்தவர். 1935இல் நந்தனார் படத்தில் ஆண் வேடமாகிய நந்தனாராகவே நடிப்பதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். பள்ளத்தூரில் சிறுமியாக மேடையேறிய மனோரமா, 1958இல் திரைக்கு வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார்.

நமது மண்ணில்

தமிழ்நாட்டை மட்டும் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. இந்த மாசாயிலிருந்து ஜொகூர் நீரிணையைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கே ஜாலான் அம்பாஸ் என்ற தெருவில் 1967 வரையில் இயங்கிய ஸ்டூடியோவில்தான் நமது நாட்டின் மாபெரும் கலைஞர் பி. ரம்லி உருவானார். 1929இல் பினாங்கில் பிறந்த அவருக்கு 1948இல் முதற்படத்தில் கிடைத்தது வில்லன் வேடம், பின்னணியும் பாடினார். அவரை 1950இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில் கதாநாயகன் ஆக்கியவர் சென்னையிலிருந்து வந்த தமிழரான இயக்குநர் எல். கிருஷ்ணன். 1955இல் ரம்லி தாமே படம் இயக்கத் தொடங்கினார். மலாய்க் கலைஞரும் தமிழ் இயக்குநரும் ஒன்றுகூடி வளர்த்த கலை இது என்பதை நாம் பெருமையோடு நினைவிற் கொள்ள வேண்டும்.

நமது வானொலியின் தமிழ்ப் பிரிவு ஒளிபரப்பு வசதி பெருகாத காலத்திலிருந்தே நாடகங்கள் வாயிலாகக் குரல் நடிகர்கள் பலரை வளர்த்தது. இரப்பர்த் தோட்ட வாழ்க்கையைக் கூறும் செம்மண் சாலை என்ற தமிழ்ப் படம் 2005இல் நமது நாட்டில் உருவாயிற்று. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தின் துன்பத்தைக் காட்டும் ஜகாட், 2015இல் வெளிவந்து அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதைப் பெற்றது. பெரட்டுக் களத்தையும் லயத்து வாழ்வையும் அறிந்த நீங்கள் உங்களிடமுள்ள அனுபவத்தைச் சிறிதாக எண்ணாதீர்கள். நடிகனுக்கு அதுவே மூலதனம்.

முறையாகப் பயில விரும்புவோருக்குக் கோலாலம்பூரில் அஸ்வாரா என்னும் தேசியக் கலை, பண்பாடு, பாரம்பரியக் கழகம் இருக்கிறது. 1994இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் நாடகக் கலையைப் பாடமாகவே கற்பிக்கிறது. அதன் டிப்ளோமா வகுப்பில் சேர எஸ்.பி.எம். தேர்ச்சி வேண்டும். நடிகனாக விரும்பும் பிள்ளைக்கும் படிப்பே வாயில் என்பதை இதனால் உணரலாம்.

சில யோசனைகள்

இளைஞர்களே, இவற்றை மனத்திற் கொள்ளுங்கள்.

ஒன்று: நாள்தோறும் கால் மணி நேரம் செய்தித்தாளை உரக்கப் படியுங்கள். ல, ழ, ள வேறுபாடு தெளிவாக ஒலிக்கட்டும். மண்டபத்தின் ஒரு கோடியில் நண்பரை நிறுத்தி, கத்தாமல் அவருக்குக் கேட்கும்படி பேசிப் பழகுங்கள். மலாய் மொழியையும் செம்மையாகப் பேசக் கற்றால் இரு மடங்கு வாய்ப்பு உண்டு.

இரண்டு: மனிதர்களைக் கவனியுங்கள். முதியவர் சுமை தூக்கும் விதம், கோபத்தை அடக்குபவரின் கை, பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாயின் பார்வை ஆகிய இவையே பாடப் புத்தகம்.

மூன்று: தோட்டத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு நாடகக் குழு அமையுங்கள். ஒத்திகைக்கு நேரம் குறித்து, குறித்த நேரத்தில் வாருங்கள். ஆண்டுக்கு ஒரு நாடகமேனும் முழுமையாக அரங்கேற்றுங்கள்.

நான்கு: வேடம் தருகிறேன், முதலில் பணம் கட்டு என்பவரை நம்பாதீர்கள். உழைப்பவனுக்குக் கூலி கொடுப்பதே முறை. உழைப்பவனிடம் கூலி கேட்பது முறையன்று. ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுங்கள். புரியாவிட்டால் படித்தவரிடம் காட்டிய பின்னரே கையொப்பமிடுங்கள். பெண் பிள்ளைகளை முன்பின் அறியாத இடத்துக்குத் துணையின்றி அனுப்பாதீர்கள்.

ஐந்து: நடிகனின் வருவாய் மாதம் தவறாமல் வருவதன்று. இன்று உங்களுக்கு ஊழியர் சேமநிதியும் சொக்சோ பாதுகாப்பும் உண்டு. 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கலைஞர்களும் தாமே சந்தா செலுத்திச் சொக்சோவில் சேர வழியுண்டு. கலையில் தொடர்ந்து வருமானம் நிலைக்கும் வரையில் கைத்தொழிலை விடாதீர்கள்.

பெற்றோர்களே, பிள்ளை நடிக்க விரும்பினால் கடிந்து தடுக்க வேண்டாம். குடும்பத்தின் வறுமையைத் தீர்க்கும் வழி என்று அவன் தலையில் அச்சுமையை ஏற்றவும் வேண்டாம். முதலில் படிக்கட்டும், படிப்போடு பயிலட்டும். பெரும் நடிகனாக உயர்ந்தால் நாட்டுக்குப் பெருமை. உயராவிடினும், தெளிவாகப் பேசவும், சபையில் அஞ்சாமல் நிற்கவும், பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணரவும் அவன் கற்றிருப்பான். அந்தக் கல்வி ஒருபோதும் வீண்போகாது.