ஸ்டிக்கர் போனாலும் பசை போகவில்லையா?

‘இன்டெல் இன்சைட்’ விளம்பரம் தொடங்கியது 1991-இல். அதிலிருந்து கணினி வாங்குகிறவர்கள் கேட்காமலேயே ஒரு ஸ்டிக்கரும் வீட்டுக்கு வருகிறது. மடிக்கணினியில் உள்ளங்கை படுகிற இடத்தில்தான் ஒட்டியிருப்பார்கள். நாளாக ஆக ஓரம் கிளம்பி, அழுக்கேறி, கையில் பிசுபிசுக்கும்.

நகத்தால் சுரண்டினால் மேல்தாள் கிழியும், பசை அசையாது. சூடு பட்டால் இளகுவது அந்தப் பசையின் குணம். கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஹேர் டிரையரின் இளஞ்சூட்டைச் சிறிது நேரம் காட்டி, காலாவதியான ஏடிஎம் கார்டால் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக உரிக்கலாம். கத்தி, பிளேடு வேண்டாம்.

மிஞ்சிய பசைக்கு, துணியில் தொட்ட ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயே பெரும்பாலும் போதும். பிடிவாதமான பசை என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹால். அதையும் துணியில்தான் தொட்டுக்கொள்ள வேண்டும். முதலில் அடிப்பக்க மூலையில் தேய்த்துப் பார்ப்பது நல்லது.

நகப்பூச்சு நீக்கி பக்கமே போகக் கூடாது. அதில் பெரும்பாலும் இருக்கிற அசிட்டோன், பசையோடு பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும்.

விண்டோஸ் 7 காலத்து மடிக்கணினியா? அடியில் 25 எழுத்து, எண்கள் கொண்ட ஸ்டிக்கர் இருந்தால் உரிக்காதீர்கள். விண்டோஸை மறுபடி நிறுவும்போது அந்த எண்ணைத்தான் கேட்கும்.