வேண்டாம் என்று சொல்வதற்கும் விலையா?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். வீட்டுச் சுவரில் தொங்கும் மின்சார மீட்டரைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நான் இன்ஜினீயர் அல்ல. காலேஜ் வாசலை மிதித்தவனும் அல்ல. கையில் கிடைத்ததைப் படித்து, விளங்காததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன். ஆகையால் நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் சொந்தப் புத்தியில் போட்டுப் பார்த்து, சரி என்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

விஷயம் அமெரிக்காவைப் பற்றியது. அங்கே பழைய மீட்டரில் ஒரு தகடு சுற்றும். மாதம் ஒரு முறை ஓர் ஆள் வந்து கணக்கு எடுத்துப் போவான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மாதத்தில் எத்தனை யூனிட் செலவாயிற்று என்பதுதான். இந்த இருபது வருஷ காலமாக அதை எடுத்துவிட்டு ‘ஸ்மார்ட் மீட்டர்’ வைக்கிறார்கள். இது ஒரு மணிக்கு ஒரு தரமோ, கால் மணிக்கு ஒரு தரமோ கணக்கெடுத்து, ரேடியோ அலை மூலம் கம்பெனிக்குத் தானாகவே சேதி அனுப்பிவிடும். ஆள் வர வேண்டியதில்லை. பணம் கட்டாவிட்டால் கம்பெனியில் உட்கார்ந்தபடியே கரண்டை நிறுத்தும் வசதியும் பல மீட்டர்களில் உண்டு.

இதில் நன்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கே கரண்டு நின்றுபோயிற்று என்பது உடனே தெரிகிறது. எந்த வேளையில் எவ்வளவு செலவு என்று வீட்டுக்காரனே பார்த்துச் சிக்கனம் செய்துகொள்ளலாம். புதியது என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும், பழையது என்பதற்காக ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுவதும் அறிவுடைமை ஆகாது.

ஆனால் ஜனங்கள் எதிர்த்தார்கள். ஏன் எதிர்த்தார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாக் காரணமும் ஒரே தரமானவை அல்ல.

முதல் காரணம், பில் ஏறிவிட்டது என்பது. 2009ஆம் வருஷம் கலிபோர்னியா மாகாணத்தில் பேக்கர்ஸ்பீல்டு என்னும் ஊரில் பெரிய கூச்சல் எழுந்தது. மாகாணக் கமிஷன் வெளியாரைக் கொண்டு விசாரணை செய்வித்தது. 2010 செப்டம்பரில் வந்த அறிக்கை, மீட்டர்கள் பொதுவாகச் சரியாகவே அளக்கின்றன, பில் ஏறியதற்கு அந்த வருஷத்து வெயிலும் கட்டண உயர்வும் காரணம் என்றது. கூடவே, புகார் சொன்ன ஜனங்களுக்குக் கம்பெனி ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று கண்டிக்கவும் செய்தது. பிறகு 2011இல், சூட்டில் வேகமாய் ஓடிய சுமார் 1,600 மீட்டர்களைக் கம்பெனியே ஒப்புக்கொண்டு மாற்றிப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. லட்சக்கணக்கான மீட்டர்களில் இது கொஞ்சம்தான். ஆனாலும் கேட்டவர்கள் பைத்தியக்காரர்கள் அல்ல என்பது இதனால் விளங்குகிறது அல்லவா?

இரண்டாவது காரணம், ரேடியோ அலையால் நோய் வரும் என்பது. 2011 மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், ரேடியோ அலைகளைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் சந்தேக வகுப்பில் வைத்தது உண்மை. அது செல்போன், ரேடியோ எல்லாவற்றுக்கும் பொதுவான பேச்சு. நிரூபணமானது என்றும் அது சொல்லவில்லை. அதே வருஷம் கலிபோர்னியா விஞ்ஞான சபை ஆராய்ந்து, இந்த மீட்டரிலிருந்து மனிதன் மேல் படும் அலை, காதில் வைத்துப் பேசும் செல்போனிலிருந்து படுவதைவிட மிகக் குறைவு என்று சொல்லிற்று. ஆகவே சட்டைப்பையில் செல்போனை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வெளியே இருக்கும் மீட்டருக்குப் பயப்படுகிறவனைப் பார்த்து, ‘அப்பா, முதலில் பையிலிருப்பதை எடுத்து வெளியே வை’ என்றுதான் நான் சொல்லுவேன். பயத்தை ஆதாரமாக வைத்து உரிமை கேட்டால், பயம் பொய் என்று தெரிந்த அன்றைக்கு உரிமையும் கூடவே போய்விடும்.

மூன்றாவது காரணம்தான் உண்மையான காரணம். வீட்டுக்குள் நடப்பது வெளியே தெரிகிறது என்பது. இது கற்பனை அல்ல. ஜார்ஜ் ஹார்ட் என்ற அறிஞர் 1980களிலேயே, வீட்டுக்கு வரும் மின்சாரம் ஏறி இறங்குவதைக் கொண்டே உள்ளே எந்தச் சாமான் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கலாம் எனக் காட்டியவர். இது ஜனங்களை வேவு பார்க்கவும் பயன்படும் என்று 1989இல் எச்சரித்தவரும் அவரே. யோசித்துப் பாருங்கள். நீங்கள் எப்போது எழுந்தீர்கள், எப்போது சமைத்தீர்கள், எத்தனை நாள் வீடு பூட்டிக் கிடந்தது என்பதெல்லாம் ஒரு கணக்குப் புஸ்தகத்தில் ஏறுகிறது. அந்தப் புஸ்தகம் உங்கள் கையில் இல்லை.

இல்லினாய் மாகாணத்தில் நேபர்வில் என்னும் நகரத்து ஜனங்கள் இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மின்சாரம் நகரசபையின் கையில் இருக்கிறது. மீட்டர் கால் மணிக்கு ஒரு தரம் கணக்கெடுக்கிறது. 2018இல் அப்பீல் கோர்ட்டு, இப்படிக் கணக்கெடுப்பது சர்க்கார் வீட்டைச் சோதனை போடுவதற்குச் சமானமே என்று ஒப்புக்கொண்டது. ஆனால் மின்சார நிர்வாகத்துக்காகச் செய்வதால் இது நியாயமான சோதனை என்றும், போலீசுக்காகச் செய்தால் முடிவு வேறாக இருக்கலாம் என்றும் சொல்லிவிட்டது. ஜனங்கள் வழக்கில் தோற்றார்கள்; ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி ஜெயித்தது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த எதிர்ப்பினால் பல மாகாணங்களில், ‘வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளலாம்’ என்று விதி செய்தார்கள். மெய்ன் மாகாணத்துக் கமிஷன் 2011இல் அனுமதித்தது. பழைய மீட்டர் வேண்டுமென்றால் முதலில் 40 டாலர், பிறகு மாதம் 12 டாலர். கலிபோர்னியாக் கமிஷன் 2012 பிப்ரவரியில் அனுமதித்தது. முதலில் 75 டாலர், மாதம் 10 டாலர். ஏழைகள் என்று பதிவானவர்களுக்கு முதலில் 10, மாதம் 5. 2014 டிசம்பரில், மாதக் கட்டணம் மூன்று வருஷத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். ஓர் ஊர் முழுதும் சேர்ந்து விலக முடியாது, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியே கேட்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

கணக்குப் போடுங்கள். 75உம், 36 மாதத்துக்கு 360உம் சேர்ந்து 435 டாலர். ஏழைக்கு 10உம் 180உம் சேர்ந்து 190 டாலர். ‘என் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதே’ என்று சொல்வதற்கு இந்த விலை! சாப்பாட்டுக் கடையில் மோர் வேண்டாம் என்றவனிடம், வேண்டாம் என்று சொன்னதற்காகத் தனியாகக் காசு வாங்கினால் எப்படியிருக்கும்?

கம்பெனிக்காரர் இதற்குப் பதில் சொல்லுவார்: ‘மோர்க் கதை இங்கே பொருந்தாது. உங்கள் ஒருவர் வீட்டுக்காக நான் ஆள் அனுப்ப வேண்டும். அவன் கூலியை யார் கொடுப்பது? அண்டை வீட்டுக்காரனா?’ இது நியாயமான கேள்விதான். நான் ஓடி ஒளியவில்லை. ஆனால் மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று: ஆள் வரும் கூலிதான் காரணம் என்றால், மீட்டரை வீட்டுக்காரனே படித்து எழுதி அனுப்பட்டும், வருஷத்துக்கு ஒன்றிரண்டு தரம் ஆள் வந்து சரிபார்க்கட்டும். அப்போது கூலி எங்கே நிற்கும்? இரண்டு: வெர்மான்ட் மாகாணத்துச் சட்டசபை 2012இல், விலகுகிறவர்களிடம் கட்டணமே வாங்கக்கூடாது என்று சட்டம் செய்தது. அதே வருஷம் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணம், வீட்டுக்குள் இருக்கும் கருவிகளோடு சேதி பேசும் வாசலாக அமைகிற மீட்டரை, உடையவரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வைக்கக்கூடாது என்று சட்டம் செய்தது. ஐரோப்பாவில் ஹாலந்து தேசத்தில், எல்லோரும் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வந்த மசோதாவை 2009இல் மேல்சபை ஏற்க மறுத்துவிட்டது. பிறகு மறுக்க உரிமை வைத்தே சட்டம் செய்தார்கள். அவர்களால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது?

மூன்று: உரிமைக்குச் சுங்கச்சாவடி வைத்தால் அதைத் தாண்டிப் போகிறவன் யார்? பணக்காரன் 435 டாலரை ஒரு வேளை விருந்துக்குச் செலவழிப்பான். கூலிக்காரன் அந்தப் பத்து டாலரில் பிள்ளைக்குப் பால் வாங்க வேண்டும். ஆகவே பணக்காரன் வீட்டு ரகசியம் பத்திரமாக இருக்கிறது. ஏழை வீட்டு ரகசியம் கம்பெனிப் புஸ்தகத்தில் ஏறுகிறது. தூரத்திலிருந்தே கரண்டை நிறுத்துவதும் யாருக்கு நடக்கும்? பாக்கி வைத்தவனுக்குத்தானே? முன்பு நிறுத்த வந்த ஆளிடம் ‘ஐயா, இரண்டு நாள் பொறுங்கள், வீட்டில் நோயாளி இருக்கிறது’ என்று சொல்லவாவது ஒரு முகம் இருந்தது. இப்போது சுவரில் இருக்கும் பெட்டியிடம் யார் கெஞ்சுவது?

தோழர்களே! விலகும் உரிமை மட்டும் போதாது. விலகாத பெரும்பாலோருக்கு என்ன காவல் என்பதும் கேள்வி. கலிபோர்னியா இதில் கொஞ்சம் வழி காட்டியது. சம்மதமில்லாமல் வீட்டுக் கணக்கைப் பிறருக்குக் கொடுக்கக்கூடாது என்று 2010இல் சட்டம் செய்தது. இந்த மாதிரிக் காவல்தான் எல்லோருக்கும் பயன்படும். நூற்றில் ஒருவன் பணம் கட்டித் தப்பித்துக்கொள்வதைவிட, நூறு பேருக்கும் பாதுகாப்பு இருப்பதல்லவா மேல்?

இது கடல் கடந்த தேசத்துச் சங்கதி, நமக்கென்ன என்று எழுந்து போய்விடாதீர்கள். நம் தேசத்திலும் 2021இல் இந்திய சர்க்கார் போட்ட திட்டத்தில் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் வைப்பது என்று இருக்கிறது. அதுவும் முன்பணம் கட்டும் மீட்டர். உங்கள் வீட்டு வாசலுக்கும் ஒரு நாள் ஆள் வருவான். அன்றைக்குக் கம்பை எடுத்துக்கொண்டு ஓடவும் வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை நேரத்துக்கு ஒரு தரம் கணக்கெடுக்கும்? அந்தக் கணக்கு யார் யாருக்குப் போகும்? கரண்டை நிறுத்துமுன் எத்தனை நாள் அறிவிப்பு? வேண்டாம் என்றால் என்ன வழி, அதற்கு என்ன செலவு? வாய்ப் பதிலில் திருப்தி அடையாமல் எழுத்தில் வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர்கள் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

இயந்திரம் நமக்கு எதிரியல்ல. கேள்வி கேட்காமல் தலையாட்டும் பழக்கம்தான் எதிரி. என் பேச்சில் தவறு இருந்தால் இங்கேயே எழுந்து கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.